தெருவுக்கு ஒரு காது

பெரிய மனிதர்களைப் பற்றி எழுத மயிலாப்பூரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. ஒரு சபா செயலாளர் பலமாகத் தும்மினால் போதும், இரண்டு பக்கம் எழுதிவிடுவார்கள். மந்தைவெளியில் எங்கள் குறுக்குத் தெருவில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் பாஞ்சாலியைப் பற்றி யாரும் எழுதப் போவதில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

உனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். தாண்டியவர்கள் பல பேர் இன்று என்னிடம் சம்பளம் வாங்குகிறார்கள். தோளில் கயிற்றுச் சுருளை மாட்டிக்கொண்டு அடுத்தவன் பந்தலுக்கு மூங்கில் தூக்கியவன் நான். இன்று 'பந்தல் கபாலி' என்று சொன்னால் அடையாறிலிருந்து தியாகராய நகர் வரை கல்யாண மண்டபத்துக்காரர்கள் எழுந்து நின்று பேசுவார்கள். நான் போட்ட பந்தல் காற்றுக்குச் சாய்ந்தது என்று ஒரே ஒரு ஆள் வந்து சொல்லட்டும், அன்றைக்கே தொழிலை விட்டுவிடுகிறேன். மனிதர்களை எடைபோடுவதிலும் நான் அப்படித்தான். பாஞ்சாலியை எடைபோட மட்டும் எனக்குக் கொஞ்சம் நாளானது.

அவள் பிறந்தது அடையாற்றின் கரையில், பாலத்துக்குக் கீழே இருந்த குடிசை வரிசையில். அப்பன் மூட்டை தூக்கினார். கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் பூமி தன்னைத்தானே சுற்றுகிறது என்று டீச்சர் சொன்னபோது இவள் எழுந்து, "பூமி சுத்துதுன்னா பெசன்ட் நகர் பீச்சு ஒரு நாளாச்சும் எங்க வூட்டாண்ட வரணுமே டீச்சர், ஏன் வரல?" என்று கேட்டாளாம். வகுப்பே சிரித்தது. டீச்சர் பெஞ்சின் மேல் நிற்க வைத்தார். பெஞ்சின் மேல் நின்றும் பீச் தெரிகிறதா என்று ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். இதை அவளே சொல்லிச் சிரிப்பாள்.

ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. தியாகராய நகரில் ஒரு வீட்டில் வேலைக்குச் சேர்ந்தாள். மிக்ஸிக்குள்ளே கத்தியை யார் சுற்றுகிறார்கள் என்று பார்க்க ஒரு மத்தியானம் அதைக் கழற்றிவிட்டாள். திரும்ப மாட்டியபோது ஒரு திருகு மிஞ்சிவிட்டது. அந்தத் திருகோடு வேலையும் போனது.

பிறகு ஆதம்பாக்கத்து நாகராஜைக் கல்யாணம் செய்துகொண்டாள். இஸ்திரி வண்டி அவனுடையது. தோள்பட்டை கெட்டுப்போனதால் அவன் தியாகராய நகர் ஜவுளிக் கடை ஒன்றில் வாட்ச்மேன் வேலைக்குப் போக, வண்டி இவளுக்கு வந்தது. நாகராஜ் பேசாத ஆள். எப்படிப்பா இவளைச் சமாளிக்கிறாய் என்று ஒரு முறை கேட்டேன்.

"பதில் சொல்றத வுட்டு ரொம்ப நாளாவுது நைனா. இன்னா கேட்டாலும் 'ம்'னுவேன்."

"அப்ப அடங்கிடுவாளா?"

"அந்த 'ம்'முக்கு இன்னா அர்த்தம்னு கேப்பா."

வண்டி நிற்பது மூன்று மாடி அடுக்குக் குடியிருப்பு ஒன்றின் சுற்றுச்சுவரை ஒட்டி, புங்க மரத்தடியில். தலைக்கு மேலே தகரக் கூரை, பலகையில் போர்வை, பக்கத்தில் தணல் போட்டுத் தேய்க்கும் கரிப்பெட்டி. துணியைத் தேய்க்கும் முன் பைகளைத் துழாவிப் பார்ப்பது இஸ்திரிக்காரர்களின் வழக்கம். பேனா இருந்தால் சட்டை போய்விடும். மற்றவர்கள் எடுத்து ஓரமாக வைப்பார்கள். பாஞ்சாலி எடுத்ததைக் கையில் வைத்துக்கொண்டு உடைமைக்காரர் வரும்வரை யோசிப்பாள். வந்ததும் கேட்பாள். புளியங்கொட்டை எதுக்கு? இந்தச் சாவி எந்த வூட்டுது? பஸ் டிக்கெட்டுல ஏன் ஒருத்தர் பேரு எழுதிகீது?

என்னையும் விட்டதில்லை. "நைனா, பந்தல் முடிச்ச ஏன் எப்பவும் எடது பக்கமா போடற?" என்று ஒரு நாள் கேட்டாள். அப்படித்தான் போடணும் என்று அதட்டிவிட்டுப் போனேன். நான் கேள்வி கேட்டு முன்னுக்கு வந்தவன் இல்லை. எங்கள் காலத்தில் வேலையிடத்தில் கேள்வி கேட்டால் முதுகில் விழும். பார்த்தேன், செய்தேன், வளர்ந்தேன். ஆனால் அன்று முழுவதும் ஒவ்வொரு முடிச்சிலும் என் கை ஒரு கணம் நின்றது.

இந்தப் பழக்கத்தால்தான் அவளுக்கு வம்பு வந்தது. அந்தக் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் சாய்நாத், ஓய்வுபெற்ற இன்ஜினீயர். எதைப் பற்றி யார் பேசினாலும் பாதியில் புகுந்து விளக்கம் சொல்லுவார். அவருக்குச் சர்க்கரை வியாதி. ஒரு நாள் மனைவி விஜயலக்ஷ்மியோடு அவர் வெளியே கிளம்பும் நேரத்தில் பாஞ்சாலி கூப்பிட்டாள்.

"சார், தெனம் உங்க சட்டைப் பையில ஏலக்காய்த் தோலு கீதே, எதுக்கு சார்?"

சாய்நாத்தின் முகம் வெளுத்துவிட்டது. அம்மாள் திரும்பி அவரைப் பார்த்தார். மாடவீதியில் ஜாங்கிரி சாப்பிட்டுவிட்டு வாசம் தெரியாமல் இருக்க அவர் ஏலக்காய் மென்றுகொண்டு வீடு திரும்பும் சங்கதி அன்றைக்கு வெளியே வந்தது. அடுத்த சங்கக் கூட்டத்திலேயே, இஸ்திரி வண்டி கேட்டை மறைக்கிறது, அதை அப்புறப்படுத்த வேண்டும் என்று அவர் பேச ஆரம்பித்தார். வண்டி நகராமல் இருந்ததற்குக் காரணம், மற்ற வீட்டுக்காரர்களுக்கு மறுநாள் காலை சட்டை வேண்டியிருந்ததுதான்.

அப்புறம் அந்த டிசம்பர் புயல் வந்தது. தெருவில் முழங்கால் தண்ணீர். மின்சாரம் இல்லை, போன் இல்லை. வடிந்த பிறகும் மின்சாரம் வரவில்லை. வீட்டில் ஒரு துணி காயவில்லை. தெரு முழுவதிலும் சூடாக இருந்த ஒரே பொருள் பாஞ்சாலியின் கரிப்பெட்டி. மாடியிலிருப்பவர்கள், பின்சந்தில் இருப்பவர்கள், எல்லோரும் ஈரத்துணியோடு அவள் வண்டியைச் சுற்றி நின்றார்கள். நின்றால் பேசத்தானே வேண்டும்? இந்தத் தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, எங்கே போகிறது, முன்பு இங்கே குளம் இருந்ததா, தவளை இத்தனை நாள் எங்கே ஒளிந்திருந்தது என்று ஆளுக்கு ஆள் கேட்டுக்கொண்டார்கள். யாருக்கும் பதில் தெரியவில்லை, போனிலும் பார்க்க முடியவில்லை. நான் என் தார்ப்பாய்களை அவிழ்த்துக் கொடுத்துத் தெருவுக்கே கூரை போட்டேன், அதையும் சொல்ல வேண்டும். அந்த நாட்களில் பாஞ்சாலியின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கல்யாணப் பெண் மாதிரி இருந்தாள்.

மின்சாரம் வந்தது. ஒரே நிமிடத்தில் தெரு காலியாகிவிட்டது.

"கரண்டு வந்ததும் ஏன் நைனா எல்லாரும் உள்ள பூட்டாங்கோ?"

"பின்ன, தெருவுலயே குடியிருப்பாங்களா?"

"வெள்ளம் வந்தாத்தான் நிப்பாங்களா? சொம்மா ஒரு நாளு நிக்க மாட்டாங்களா?"

இந்தக் கேள்வியை மட்டும் அவள் விடவேயில்லை. வெள்ளம் இல்லாமல் தெரு நிற்க வேண்டும், நின்று கேட்டுக்கொள்ள வேண்டும். அதற்குக் காரணமாக ஒரு திருவிழா வேண்டும். என்ன திருவிழா என்று அவளுக்கே தெரியாது.

அதற்கு வழி ஒரு குர்தாவில் வந்தது. ஸ்நேஹா என்ற பெண் அடையாறில் ஒரு பழைய கார் கொட்டகையில் காகிதத்தை அரைத்துப் பசை போட்டுப் பெரிய பெரிய உருவங்கள் செய்கிறவள். எங்கள் தெருவில் தங்கியிருந்ததால் துணி பாஞ்சாலியிடம் வரும். எல்லாத் துணியிலும் பசை.

"இன்னாம்மா இது, தெனம் கஞ்சில குளிக்கிறியா?"

"மைதா பசை அக்கா. நேத்து ஒரு யானைத் தலை பண்ணினேன்."

"யாரு கேட்டாங்கோ?"

"யாரும் கேக்கல. தோணிச்சு."

யாரும் கேட்காமல் யானைத் தலை செய்கிற ஆளை பாஞ்சாலி அதுவரை பார்த்ததில்லை. கரிப்பெட்டியைக் கீழே வைத்தாள். "அப்ப எங்க தெருவுக்கு ஒண்ணு செஞ்சு குடு. ஜனம் கூடணும், கேள்வி கேக்கணும், சிரிக்கணும். இன்னா செய்வியோ தெரியாது" என்றாள். ஸ்நேஹா மறுநாளே தன் கூட்டாளியை அழைத்து வந்தாள். பெயர் ஷரஃபுதீன், தெருநாடகக்காரர், ஒல்லி உடம்பு, தோளில் ஒரு பறை. மூன்று பேரும் வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசிப் பேசி விதிகளைச் செய்தார்கள்.

மயிலாப்பூர்க்காரர்களுக்கு ஊர்வலம் என்றால் உயிர், ஆகவே ஒரு பொருளைச் சப்பரத்தில் வைத்து, மூடி, தெருவைச் சுற்றித் தூக்கி வர வேண்டும். உள்ளே என்ன என்று யாருக்கும் சொல்லக் கூடாது. ஊகிக்கலாம். திறந்த பிறகு, மனதிலிருக்கும் கேள்வியை யார் வேண்டுமானாலும் கேட்கலாம், வாய்விட்டோ ரகசியமாகவோ. ஆனால் அன்று ஒருவரும் பதில் சொல்லக் கூடாது. சொன்னால் ஐந்து தோப்புக்கரணம். பதில் கூடாது என்ற அந்தக் கடைசி விதி பாஞ்சாலியுடையது.

"உள்ளே என்னன்னு உங்களுக்கு மட்டும் சொல்றேன் அக்கா" என்று ஸ்நேஹா காதருகே வந்தாள். பாஞ்சாலி இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். "வாணாம்! நானும் தெருவோட தெரிஞ்சுக்கறேன்."

இடம் வேண்டும். குடியிருப்பின் கேட்டுக்கு முன்னால்தான் தெரு கொஞ்சம் அகலம். சாய்நாத்திடம் அனுமதி கேட்கப் போனாள், துணைக்கு நான்.

"பொங்கல் கழிச்சு வர ஞாயித்துக்கிழமையா? நடத்திக்கோ" என்றார் சாய்நாத். இத்தனை சுலபமா என்று பார்த்தேன். "ஆனா ஒண்ணு. சண்டை, சச்சரவு, கேட் வாசல்ல ஆக்கிரமிப்புன்னு ஏதாவது ஆச்சோ, மறுநாள் கார்த்தால உன் வண்டி இங்கே இருக்கப்படாது. சம்மதமா? கபாலி சாட்சி."

நான் அவள் முந்தானையை இழுத்தேன். வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். அந்த மரத்தடியை விட்டால் அவளுக்கு வேறு இடம் கிடையாது. ஒவ்வொரு சந்துக்கும் ஏற்கெனவே ஒரு வண்டி இருக்கிறது.

"சம்மதம் சார்" என்றாள். வெளியே வந்ததும் திட்டினேன். அவள் சொன்னாள்: "வண்டிய வெச்சிக்கினு தெனம் ஒரு ஆள கேக்கறேன் நைனா. ஒரு நாளாச்சும் தெருவே கேட்டுப் பாக்கட்டும். அப்பால போனா போவுது." போனால் போகட்டும் என்று சொன்னவள் திரும்பி அந்த மரத்தடியை ஒரு முறை பார்த்துக்கொண்டாள்.

பந்தல் என் பொறுப்பு. ஸ்நேஹா என்னிடம் சொன்னது நான்கு மூங்கில், மேலே ஒரு துணி, சப்பரத்தை மூட ஒரு வெள்ளைத் துணி. அவ்வளவுதான். குழந்தை, அவளுக்கு என்ன தெரியும்? கபாலி போட்ட பந்தல் மொட்டையாக நின்றால் ஊர் என்ன பேசும்? வாசலில் குலை தள்ளிய வாழை இரண்டு கட்டினேன். மாவிலைத் தோரணம், சீரியல் செட், தென்னங்குருத்து. அந்த வெள்ளைத் துணியை எடுத்துப் போட்டுவிட்டு, அம்மன் கோயில் வேலைக்கு வைத்திருந்த மஞ்சள் கரை போட்ட சிவப்புப் பட்டால் சப்பரத்தைப் போர்த்தினேன்.

ஸ்நேஹா வந்து பார்த்து நின்றுவிட்டாள். "கபாலி சார், வெள்ளைத் துணிதானே சொன்னேன்?"

"வெள்ளைத் துணி போத்தி நாலு பேரு தூக்கினா அதுக்கு வேற பேரும்மா" என்றேன்.

சாயங்காலம் என் ஆள் விக்கி மைக் செட்டைப் போட்டான். பந்தல், வாழை மரம், பட்டு, எல்லாவற்றையும் பார்த்தவன் கைப்பழக்கத்தில் ஒரு அம்மன் பாட்டை வைத்துவிட்டான். தெருமுனைப் பூக்காரி தேவானைதான் முதலில் வந்தாள். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள். ஒரு முழம் கதம்பத்தைச் சப்பரத்துக்குச் சாத்தினாள். கர்ப்பூரம் ஏற்றிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவளைப் பார்த்து மார்க்கெட்டிலிருந்து வந்த இரண்டு பேர், அவர்களைப் பார்த்து பத்துப் பேர். யாரோ எலுமிச்சம்பழம் அறுத்துக் குங்குமம் தடவி நான்கு மூலையிலும் வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் பந்தலுக்கு முன்னால் செருப்பு மலையாகக் குவிந்துவிட்டது. தெரு நிறைய ஜனம். எல்லாம் கை கூப்பி, கண் மூடி நிற்கிறது. ஒரு வாய் பேசவில்லை.

என் அலங்காரம் அப்படி. வேறு எவன் பந்தலிலாவது இது நடந்திருக்குமா?

பாஞ்சாலிதான் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நைனா, ஒருத்தரும் கேக்கல நைனா. கும்புடறாங்கோ."

அதற்குள் சாய்நாத் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார், கையில் போன். "என்ன கபாலி இது? கேட் வாசல்ல கோயில் கட்டிண்டிருக்கேளா? இன்னிக்குக் கர்ப்பூரம், நாளைக்கு உண்டியல், நாளன்னிக்குக் கோபுரம்! அப்புறம் யாராலயும் எடுக்க முடியாது. போலீஸைக் கூப்பிடறேன். பாஞ்சாலி, நீ சம்மதம் சொன்னது ஞாபகம் இருக்கோல்லியோ? நாளைக்கு வண்டி இங்கே இருக்கப்படாது."

அவர் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. இந்த ஊரில் நடைபாதைக் கோயில்கள் இப்படித்தான் பிறக்கின்றன. ஸ்நேஹா ஓடி வந்தாள். "துணியை இழுத்துடலாமா? பார்த்தா புரிஞ்சுடும்." அவள் கையைப் பிடித்துத் தடுத்தேன். கர்ப்பூரம் ஏற்றிய பிறகு துணியை இழுத்தால் அடிதடி நிச்சயம். கோயில் வேலை செய்தவனுக்குத்தான் அது தெரியும்.

பாஞ்சாலி என்னைப் பார்த்தாள், சாய்நாத்தைப் பார்த்தாள். நேராகப் போய் விக்கியின் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினாள். விக்கி பாட்டை நிறுத்தினான். தேவானைக்கு எதிரே போய் நின்றாள்.

"தேவானக்கா, இன்னா சாமி இது?"

"அம்மன்டி." தேவானையின் குரல் ஒலிபெருக்கியில் தெரு முழுக்கக் கேட்டது.

"இன்னா அம்மன்?"

"புச்சா வந்துகீது. பேரு இன்னும் வெக்கல போல."

"யாரு சொன்னா?"

"வாழ மரம் கட்டிகீது, பட்டு போத்திகீது, பாட்டு போடறாங்கோ. அப்பால ஒருத்தர் வேற சொல்லணுமா?"

"உள்ள பாத்தியா?"

"சாமிய தொறந்து பாப்பாங்களாடி? நீ பாத்தியா?"

"நானும் பாக்கல."

"இன்னாடி கத வுடற? வெச்சதே நீதானே!"

"மெய்யாலுமே பாக்கலக்கா. அந்தப் பொண்ணு சொல்ல வந்துச்சி, காதப் பொத்திக்கினேன். ஒரு மாசமா கேக்காம கீறேன். வயிறு ஊதிப் பூட்ச்சு."

தேவானை அவளை மேலும் கீழும் பார்த்தாள். "நீயி? ஒரு மாசமா கேக்காம கீறியா?" கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "அப்ப சந்தேகமே இல்ல, உள்ள சாமிதான் கீது!"

தெரு வெடித்துச் சிரித்தது. பாஞ்சாலியின் கேள்விக்குத் தப்பாதவர் அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர்? மூடிய கண்கள் திறந்தன. கூப்பிய கைகள் இடுப்புக்கு வந்தன.

"தொட்டுப் பாத்து சொல்லுக்கா. இன்னாவா இருக்கும்?"

தேவானை தயங்கினாள். பிறகு பட்டின் மேலே விரலால் அழுத்தினாள். "வளஞ்சிகீதுடி. சங்கா?"

"பலாப்பழம்!" என்று ஒரு குரல். "யான தும்பிக்க!" "இட்லிக் குண்டான்!" "ஆஸ்பத்திரில வெப்பாங்களே, அந்தக் கல்லீரலு!" பின்னாலிருந்தவர்கள் முன்னால் வர முட்டினார்கள். இதற்காகவே காத்திருந்த ஷரஃபுதீன் பறையை இரண்டு தட்டுத் தட்டினார். "தூக்குங்க பாய்மாருங்களா, தாய்மாருங்களா!" என்று அவர் கத்த, ஆளுக்கொரு தோள் கொடுத்துச் சப்பரத்தைத் தூக்கினார்கள். தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை, ஒவ்வொரு வாசலிலும் நிறுத்தி, "உள்ள இன்னா?" என்று கூட்டம் கேட்க, வாசலில் நின்றவர்கள் தோன்றியதைச் சொல்ல, ஊர்வலம் போய்த் திரும்பியது. மாடியில் டிவி பார்த்துக்கொண்டிருந்தவர்கள் இறங்கி வந்துவிட்டார்கள்.

பந்தலுக்குத் திரும்பியதும் பட்டின் நான்கு முனையையும் நான்கு பேரிடம் கொடுத்தேன். ஒரு முனை தேவானைக்கு. ஷரஃபுதீன் தட்ட, இழுத்தார்கள்.

காது. ஒற்றைக் காது. ஆளுயரத்துக்குப் பாதி, மடிப்பும் சுழியும் அச்சாக மனிதக் காது. மடலில் தோடு தொங்கும் இடத்தில் ஒரு பழைய சைக்கிள் மணி.

எல்லோரும் தேவானையைப் பார்த்தார்கள். கர்ப்பூரம் ஏற்றியவள் அவள்தான். அவள் சண்டைக்குக் கிளம்பினால் கூடவே கிளம்ப இன்னும் பத்துப் பேர் இருந்தார்கள். கேட்டருகே சாய்நாத் போனைக் காதில் வைத்தபடியே நின்றார்.

தேவானை காதைச் சுற்றி ஒரு முறை நடந்தாள். "காதுதானே?" என்றாள். "எவ்ளோ சாமிக்குப் பூ சாத்திகீறேன், எது காது குடுத்துக் கேட்டுச்சி? இதுவாச்சும் கேக்கட்டும்." நந்தியின் காதில் சொல்வதுபோல் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு ஏதோ கேட்டாள். நீளமாகக் கேட்டாள். முடித்துவிட்டுச் சைக்கிள் மணியை அடித்தாள். டிரிங் என்றது. தெரு கைதட்டியது. சாய்நாத் போனைக் கீழே இறக்கினார்.

அதற்கப்புறம் வரிசை நிற்கவில்லை, மொய்த்தது. ரகசியம் பேசியவர்கள் பாதி, சத்தமாகக் கேட்டவர்கள் பாதி. "ஒருத்தன் கொட்டாவி வுட்டா பக்கத்துல கீறவனுக்கும் ஏன் ஒட்டிக்குது?" என்றான் விக்கி. டிரிங். "அதே தூள்தான், அதே பால்தான், டீக்கடை டீ மாதிரி ஏன் ஆத்துல வர மாட்டேங்கறது?" என்றார் விஜயலக்ஷ்மி அம்மாள். டிரிங். கடைசியில் பாஞ்சாலியைத் தள்ளிவிட்டார்கள். இத்தனை பேர் தன்னைப் பார்த்து நின்று அவள் கேள்வி கேட்டதே இல்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"நானும் இத்தினி வருசமா தேய்க்கறேன். இஸ்திரி போட்டா சுருக்கம் எங்க போவுது?"

அவள் மணியை அடிப்பதற்குள் கேட்டுப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "எங்கேயும் போறதில்லை பாஞ்சாலி. பஞ்சு நூலுக்குள்ள ஈரம் இருக்கு பார், சூடு பட்டதும் அது..."

"பதில்!" என்று ஷரஃபுதீன் பறையை அறைந்தார். "தோப்புக்கரணம்!"

தெரு முழுதும் திரும்பிப் பார்த்தது. சாய்நாத்துக்குத் தான் வாயைத் திறந்ததே அப்போதுதான் தெரிந்தது. "நான் விளையாட்டுல சேரவே இல்லையே" என்றார். யாரும் கேட்கிற மாதிரி இல்லை. விஜயலக்ஷ்மி அம்மாள்தான் முன்னால் வந்தார்.

"ஏன்னா, வாயைத் திறந்தேளா இல்லையா? போடுங்கோ. நன்னாக் கையை மாத்திக் காதைப் பிடிச்சுண்டு போடுங்கோ. டாக்டரும் உடம்பை அசைக்கச் சொல்லியிருக்கார்."

மனிதர் சுற்றுமுற்றும் பார்த்தார். போனை மனைவியிடம் கொடுத்தார். காதைப் பிடித்தார். ஒன்று என்று தெரு எண்ணியது. மூன்றாவதில் முட்டி பிடித்துக்கொண்டது. போதும் சார் என்றார்கள். "பாதில நிறுத்தப்படாது" என்று ஐந்தையும் போட்டு முடித்தார். மூச்சு வாங்க நிமிர்ந்தவர் சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். நேராகக் காதிடம் போனார். வாயை மறைத்துக்கொண்டு ஏதோ கேட்டார். மணியை அடித்தார்.

"என்ன கேட்டேள்?" என்றார் அம்மாள்.

"சொல்லப்படாது. ரூல்."

தெருவிளக்கு போட்ட பிறகும் ஜனம் உள்ளே போகவில்லை. மின்சாரம் இருந்தது, போன் இருந்தது, மழை இல்லை. நின்றார்கள். பாஞ்சாலி வண்டிப் பலகையில் உட்கார்ந்து அவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வேலை முடிந்து நேராக வந்த நாகராஜ் அவள் பக்கத்தில் நின்று, யாரும் கேட்காமலே, "நல்லாகீது" என்றான்.

நான் வரிசையில் போகவில்லை. பந்தல்காரன் பந்தலை விட்டு நகரக் கூடாது. பிரிக்கும்போது காதை இறக்கியது நான்தான். தூக்கிப் பிடித்தபோது அதன் குழி என் வாய்க்குப் பக்கத்தில் இருந்தது. அதற்கு மேல் சொல்ல மாட்டேன். மணி தானாக அடித்தது என்று விக்கியிடம் சொன்னேன்.

அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. அடுத்த வருஷம் வரை காதை எங்கே வைப்பது? அடுத்த வருஷம் உண்டா என்று ஒருவரும் கேட்கவில்லை, அதைக் கவனியுங்கள். ஸ்நேஹாவின் கொட்டகை ஒழுகும். என் கிடங்கில் எலி. சாய்நாத் காதைத் தட்டிப் பார்த்தார்.

"காகிதம்தானே? மழை பட்டாக் கூழாயிடும். தரையில வைக்கப்படாது. உசரத்துல, கூரைக்கு அடியில, பக்கத்துல எப்பவும் ஆள் இருக்கற எடமா..."

பேச்சு பாதியில் நின்றது. எல்லோர் கண்ணும் புங்க மரத்தடிக்குப் போயிருந்தது. தகரக் கூரை, அதன் கீழே குறுக்குக் கட்டை, பலகையில் பாஞ்சாலி.

"என்ன, எல்லாரும் என்னையே பாக்கறேள்?" என்றார். பாஞ்சாலி பலகையிலிருந்து இறங்கி நின்றாள். அவர் கொஞ்ச நேரம் கேட்டைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். "சரி, அங்கேயே கட்டுங்கோ. வண்டி நகரப்படாது, காது ஆடிடும். ஆனா கேட்டை மறைக்காம ஓர் அடி தள்ளி."

ஓர் அடி தள்ளினோம். கூரைக்கு அடியில் காதை நான்தான் கட்டினேன். முடிச்சு இடது பக்கம். அதை அவிழ்க்க எவனாலும் முடியாது.

மறுநாள் காலையில் நான் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தேன். பாஞ்சாலி சாய்நாத்தின் சட்டையை விரித்துப் பையைத் துழாவினாள். ஏலக்காய்த் தோல். சாய்நாத் கேட்டைத் தாண்டி வந்துகொண்டிருந்தார், பின்னாலேயே அம்மாள். பாஞ்சாலியின் உதடு துடித்தது. நான் டீயைக் கீழே வைத்தேன். அவள் தோலை உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். குதிகாலைத் தூக்கி எம்பி, கூரைக்கடியில் தொங்கிய காதில் மெதுவாக ஏதோ கேட்டாள். மணியை அடித்தாள்.

"என்னடி கேட்டே?" என்றார் விஜயலக்ஷ்மி அம்மாள்.

"சொல்லக் கூடாதும்மா."

சாய்நாத் சட்டையை வாங்கிக்கொண்டார். பையைத் தொட்டுப் பார்த்தார். காலி. காதை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "மணிக்குக் கொஞ்சம் எண்ணெய் போடு பாஞ்சாலி, கரகரங்கறது" என்று சொல்லிக்கொண்டே போனார்.